ஐந்நூறா, ஐயாயிரமா? அச்சகத்துக்குப் போகும் முன் ஒரு கணக்கு

(தாம்பரம் வட்டாரத்தில் வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள், சுயஉதவிக் குழுவினர், சிறு கடை நடத்துபவர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தொழில் துறை அதிகாரி இல்லை. அச்சகமும் நடத்தவில்லை. இதழியல் படித்துவிட்டு, செய்தித் துறையில் எழுதுகிற வேலை பார்க்கிறேன். துண்டறிக்கை, கையேடு என்று எழுதி அச்சுக்கு அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. அதனால் அச்சகத்து வாசலில் நின்று, "டிஜிட்டலா, ஆஃப்செட்டா?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்த அனுபவம் எனக்கும் உண்டு. இங்கே இருக்கிற அக்காக்கள், அண்ணன்கள் பலருக்கும் இருக்கும்.

ஆனால் இந்த விஷயத்தை நான் கற்றுக்கொண்டது அலுவலகத்தில் இல்லை. என் சித்தி வீட்டுப் பரண்ல.

சித்தி வீட்டு மூட்டை

சித்தி செம்பாக்கத்தில் இருக்காங்க. இட்லிப் பொடி, பருப்புப் பொடி செய்து விற்கிறார்கள். 2019 ஆடி மாதம், தொழில் கொஞ்சம் பிடித்த நேரம், லேபிள் அடிக்கப் போனார்கள். அச்சகத்தில் இரண்டு விலை சொன்னார்கள். கொஞ்சமாக டிஜிட்டலில் அடித்தால் ஒரு லேபிளுக்கு இவ்வளவு. ஐயாயிரம் ஆஃப்செட்டில் அடித்தால் அதில் பாதி விலை. யாராக இருந்தாலும் எதைத் தேர்ந்தெடுப்போம்? சித்தியும் ஐயாயிரம் அடித்தார்கள். அச்சு அருமையாக வந்தது. அச்சகத்தார் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அந்த லேபிளில் முகவரி எப்படி இருந்தது தெரியுமா? "செம்பாக்கம் நகராட்சி, காஞ்சிபுரம் மாவட்டம்."

2019 நவம்பர் 29-ஆம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்கள் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. லேபிளில் மாவட்டம் தப்பு. அடுத்த மார்ச்சில் ஊரடங்கு, விற்பனை படுத்துவிட்டது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. இப்போது நகராட்சி என்ற சொல்லும் தப்பு.

சித்தி வீட்டை மாற்றவே இல்லை. ஆனால் இரண்டு வருஷத்தில் முகவரி இரண்டு தடவை மாறிவிட்டது. அதுவரை செலவானது சுமார் 1,200 லேபிள். மீதி 3,800 பரண் ஏறியது. பொங்கலுக்குப் பரண் துடைக்க ஏறும்போதெல்லாம் அந்த மூட்டையைப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இரண்டு முறைகளுக்கும் என்ன வித்தியாசம் என்று முதலில் பார்ப்போம்.

ஆஃப்செட்டில் உங்கள் வடிவமைப்பை அலுமினிய பிளேட்டில் ஏற்றுவார்கள். பிளேட்டில் எழுத்து இருக்கிற இடம் மையைப் பிடிக்கும். மற்ற இடம் தண்ணீரைப் பிடித்து மையைத் தள்ளும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்கிற, சமையலறையில் தினமும் பார்க்கிற விஷயம்தான். பிளேட்டிலிருந்து மை ஒரு ரப்பர் பரப்புக்குப் போய், அங்கிருந்து தாளில் இறங்கும். வண்ண அச்சு என்றால் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நான்கு மை, நான்கு பிளேட். நான்கும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும் வரை மெஷினை ஓட்டிச் சரிபார்ப்பதில் கொஞ்சம் தாள் வீணாகும். இந்தச் செலவெல்லாம் முதல் லேபிள் வருவதற்கு முன்பே ஆகிவிடும். அதற்கப்புறம் ஓட ஓட, தாளும் மையும்தான் செலவு.

டிஜிட்டலில் பிளேட் கிடையாது. கம்ப்யூட்டரிலிருந்து நேராக மெஷினுக்குப் போகும். முதல் பிரதிக்கும் ஐந்நூறாவது பிரதிக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. ஒவ்வொரு பிரதியிலும் வேறு பெயர், வேறு எண் போடலாம். சான்றிதழ், வரிசை எண் போட்ட கூப்பன் எல்லாம் இதில் சுலபம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நம்ம ஊரில் "டிஜிட்டல்" என்றாலே ஃப்ளெக்ஸ் பேனர் என்று நினைக்கிறோம். நான் சொல்வது தாளிலும் ஸ்டிக்கரிலும் அடிக்கிற டிஜிட்டல் அச்சு. பேனர் அடிப்பது சுலபம்; ஆனால் பொது இடத்தில் வைக்க முன்அனுமதி வேண்டும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிர் போனதை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இப்போது கணக்கு. இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், சந்தை விலை இல்லை. உங்கள் அச்சகம் சொல்கிற விலையை இதில் போட்டுப் பாருங்கள்.

டிஜிட்டலில் ஒரு லேபிள் 4 ரூபாய். ஆஃப்செட்டில் ஆரம்பச் செலவு 6,000 ரூபாய், அதன்பின் லேபிளுக்கு 80 காசு.

500 லேபிள் என்றால் டிஜிட்டலில் 2,000 ரூபாய். ஆஃப்செட்டில் 6,400 ரூபாய்.

5,000 லேபிள் என்றால் டிஜிட்டலில் 20,000 ரூபாய். ஆஃப்செட்டில் 10,000 ரூபாய். அதாவது ஒரு லேபிள் 2 ரூபாய்தான்.

இரண்டும் சமமாகிற இடம் எது? 6,000-ஐ, விலை வித்தியாசமான 3 ரூபாய் 20 காசால் வகுத்தால் 1,875 வரும். அதற்குக் கீழே டிஜிட்டல் லாபம், மேலே ஆஃப்செட் லாபம். எல்லோரும் சொல்கிற கணக்கு இதோடு முடிந்துவிடும்.

ஆனால் சித்தி பயன்படுத்தியது 1,200 மட்டும்தானே? 10,000 ரூபாயை 1,200-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு லேபிள் 8 ரூபாய் 33 காசு. அதே 1,200-ஐ டிஜிட்டலில் தேவைப்படும்போதெல்லாம் அடித்திருந்தால் 4,800 ரூபாயில் முடிந்திருக்கும். இரண்டு ரூபாய் லேபிள் என்று நினைத்தது எட்டு ரூபாய் லேபிள் ஆகிவிட்டது.

அதனால் எத்தனை அடித்தோம் என்பதைவிட, எத்தனை ஒட்டினோம் என்பதால் வகுத்தால்தான் உண்மையான விலை தெரியும். அச்சகத்துக்குப் போகும் முன் நம்மிடமே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இந்தத் தாளில் இருக்கிற எழுத்து எத்தனை மாசத்துக்கு உண்மையா இருக்கும்? அதுக்குள்ள எத்தனை தீரும்?"

எதெல்லாம் மாறும்?

முகவரி மாறும் என்று பார்த்தோம். வழியும் மாறும். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. அதுவரை "கோயம்பேட்டிலிருந்து வரும் வழி" என்று விசிட்டிங் கார்டின் பின்பக்கம் வரைபடம் போட்டிருந்த மெஸ், மண்டபம், தங்கும் விடுதி எல்லாம் என்ன செய்திருக்கும்?

வரி மாறும், விலை மாறும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. லேபிள் ஒட்டிப் பொட்டலமாக விற்கிற மிக்சர் வகைகளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதம் ஆனது. அதிகபட்ச விலையை லேபிளோடு சேர்த்து மொத்தமாக அடித்து வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

உணவு உரிம எண்ணும் மாறும். உங்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் 14 இலக்கம். அது 2-ல் தொடங்கினால் பதிவு, 1-ல் தொடங்கினால் உரிமம். தொழில் வளர்ந்து பதிவிலிருந்து உரிமத்துக்குப் போகிற அன்று எண்ணே மாறிவிடும். தொழில் வளர்வது நல்ல விஷயம்தானே. அதற்கும் லேபிளில் இடம் வைக்கணும் இல்லீங்களா?

"மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா போச்சு"

சித்தியும் இதைத்தான் சொன்னார்கள். பழைய மாவட்டத்தின் மேல் சின்னதாக ஒரு துண்டு ஒட்டிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் நான் விதியைத் தேடிப் படித்தேன்.

பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகள் 2011-ல் வந்தவை. தயாரிப்பவர் அல்லது பொட்டலமிடுபவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதம், வருடம், அனைத்து வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, நுகர்வோர் புகாருக்கான தொடர்பு விவரம் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. இந்தக் கட்டாய விவரங்களைத் தனி ஸ்டிக்கர் ஒட்டி மாற்றக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. விலையைக் குறைப்பதற்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம்; அதுவும் பழைய விலையை மறைக்காமல் ஒட்ட வேண்டும். வரி மாற்றம் மாதிரியான நேரங்களில் அரசு தனியாகச் சலுகை அறிவிக்கும்; அதற்குக் காலக்கெடுவும் இருக்கும். ஆக, தப்பாகிப்போன லேபிளை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற நினைத்தால் அபராதத்தில் போய் முடியலாம்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. இந்தக் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழிலும் தாராளமாகப் போடலாம்; போட வேண்டும், நம் வாடிக்கையாளர் படிப்பது தமிழில்தான். ஆனால் தமிழில் மட்டும் போட்டால் போதாது. இரண்டு மொழிக்கும் இடம் வேண்டும் என்பதால் லேபிளின் அளவை முதலிலேயே யோசித்து முடிவு செய்யுங்கள். அச்சடித்த பிறகு யோசித்தால் எல்லாம் முதலிலிருந்து.

நடுவில் ஒரு வழி இருக்கிறது

டிஜிட்டல், ஆஃப்செட் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சித்தி இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

புதுப் பொடி ஏதாவது போட்டுப் பார்க்கும்போது 200, 300 லேபிள் டிஜிட்டலில். ருசி பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். பெயரையே மாற்ற வேண்டி வரலாம். அதுவரை அதிக விலை கொடுப்பது நஷ்டமில்லை, பரிசோதனைச் செலவு.

பொருள் நிலைத்துவிட்டது, மாதம் எத்தனை பாக்கெட் போகிறது என்று ஆறு மாதக் கணக்கு கையில் இருக்கிறது என்றால், ஒரு வருஷத்துக்கு மேல் போகாத அளவுக்கு ஆஃப்செட்டில். அதிலும் மாறாதது மட்டும்: பெயர், படம், சேர்மானப் பொருட்கள், பச்சைக் குறி. விலை, பேட்ச் எண், தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்பதற்கெல்லாம் வெள்ளைக் கட்டம் விட்டுவிடுவது. பொட்டலம் போடுகிற அன்று அழியாத மையில் அங்கே முத்திரை குத்துவது. கையடக்கமான இங்க்ஜெட் கருவிகளும் இதற்கு இருக்கின்றன. குழுவாகச் செய்பவர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஆஃப்செட்டுக்கே உரிய வேலைகளும் உண்டு. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி, பேப்பரோடு வைத்துப் போட பத்தாயிரம் துண்டறிக்கை, கடைக் காலண்டர். இவற்றுக்குத் தேதி தெரியும், எண்ணிக்கை தெரியும், அடித்த சில நாளில் தீர்ந்துவிடும். இங்கே யோசிக்காமல் ஆஃப்செட் போகலாம்.

காலண்டர் என்றதும் சிவகாசி ஞாபகம் வரும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கிய ஊர், நாட்டின் பெரிய அச்சு மையங்களில் ஒன்றாக வளர்ந்தது. லேபிள் தொழில் ஒரு ஊரையே தூக்கி நிறுத்தும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அங்கே ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது வழக்கம். கடைக்குக் காலண்டர் வேண்டும் என்றால் மார்கழியில் ஓடாமல் ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆயிரம் விசிட்டிங் கார்டு சில சமயம் நம்ப முடியாத விலையில் கிடைக்கும். எப்படி? ஒரே பெரிய தாளில் பல பேருடைய கார்டுகளைச் சேர்த்து ஆஃப்செட்டில் ஓட்டுவார்கள். பிளேட் செலவு எல்லோருக்கும் பங்காகிவிடும். விலை குறைவு. ஆனால் பக்கத்துக் கார்டின் வண்ணம் உங்கள் வண்ணத்தையும் கொஞ்சம் இழுக்கும். கடையின் வண்ணம் அச்சு அசலாக வர வேண்டும் என்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

போனில் இருந்து அச்சுக்கு

இப்போது நம்மில் பலர் போனிலேயே வடிவமைத்து, போனிலேயே அனுப்புகிறோம். நல்லது. சில விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். திரையில் பளிச்சென்று தெரிவது அச்சில் மங்கலாக வரும். பிடிஎஃப் ஆக்கி, 'டாக்குமென்ட்' என்பதைத் தொட்டு அனுப்புங்கள்.

போன் திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது. தாள் மையால் காட்டுகிறது. திரையில் மின்னுகிற பச்சையும் ஆரஞ்சும் தாளில் கொஞ்சம் அடங்கித்தான் தெரியும். இது அச்சகத்தின் தப்பு இல்லை.

வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமல் இருக்க, பின்னணி வண்ணத்தை நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். எழுத்தை ஓரத்தில் ஒட்டி வைக்காதீர்கள்.

தமிழ் எழுத்தில்தான் பெரிய ஆபத்து. உங்கள் போனில் யூனிகோடில் இருப்பது, அச்சகத்துப் பழைய மென்பொருளில் திறக்கும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். "கொத்தமல்லி" என்னவாகும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். பிடிஎஃப் கொடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. அவர்கள் திரும்பத் தட்டச்சு செய்தால், ஒவ்வொரு சொல்லையும் திரும்பப் படிக்க வேண்டும்.

மெஷின் ஓடுவதற்கு முன் ஒரு மாதிரிப் பிரதி கேளுங்கள். ஆஃப்செட் வேலைக்கும் டிஜிட்டலில் ஒன்று அடித்துக் காட்டச் சொல்லலாம். கையில் வாங்கியதும் மூன்று வேலை. ஒன்று, அதில் இருக்கிற தொலைபேசி எண்ணை அதைப் பார்த்தே டயல் செய்யுங்கள், நினைவிலிருந்து செய்யாதீர்கள். இரண்டு, க்யூ.ஆர். கோடு இருந்தால் அந்தத் தாளிலேயே ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். மூன்று, வீட்டில் இதுவரை அதைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நமக்குப் பழகிய கண், தப்பு தெரியாது. புதுக் கண்ணுக்கு உடனே தெரியும். வேலையில் நான் செய்கிற மூன்றும் இதுதான்.

விலை கேட்கும்போது ஒரே விவரத்தை எல்லா அச்சகத்திலும் சொல்லுங்கள்: அளவு, தாளின் தடிமன், எத்தனை வண்ணம், ஒரு பக்கமா இரண்டு பக்கமா, லேமினேஷன் உண்டா. 500, 2,000, 5,000 என்று மூன்று எண்ணிக்கைக்கும் விலை வாங்குங்கள். தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ விசாரித்த பிறகு, நேரம் இருந்தால் பீச் ரயில் ஏறி பாரிமுனைப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். நம் கணக்கைப் போட அந்த மூன்று விலையும் போதும்.

அச்சடிக்கும் முன் முடிக்க வேண்டிய பதிவுகள்

எண் கைக்கு வராமல் லேபிள் அடிக்காதீர்கள். "வந்திடும், போட்டுக்கலாம்" என்று வெற்று எண்ணோடு அடித்தவர்கள் உண்டு.

உணவுப் பொருள் என்றால், வீட்டில் சின்னதாகச் செய்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

பொட்டலமிட்டு விற்பவர்களுக்கான எடையளவுப் பதிவைத் தமிழ்நாட்டில் பார்ப்பது தொழிலாளர் துறை. உங்கள் பொருளுக்கு எந்தெந்த விவரம் கட்டாயம் என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உத்யம் பதிவுக்கு ஆதார் எண்ணோடு பான் எண்ணும் வேண்டும்; போனிலேயே செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. இதை இரண்டு தடவை சொல்கிறேன்: கட்டணம் கிடையாது. அரசு இணையதளம் மாதிரியே காட்டிப் பணம் கேட்கிற பக்கங்கள் இருக்கின்றன. முகவரியின் முடிவில் 'கவ் புள்ளி இன்' இருக்கிறதா என்று பாருங்கள்.

கடன், மானியம் பற்றிக் கேட்க வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். நம் பகுதிக்கு இப்போது செங்கல்பட்டு மாவட்டம். பழைய ஞாபகத்தில் காஞ்சிபுரம் பஸ் ஏறிவிடாதீர்கள்!

கடைசியாக ஒன்று. போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். "உன் பேச்சைக் கேட்டு இந்தத் தடவை ஆயிரத்து ஐந்நூறுதான் அடிச்சேன். அச்சகத்துக்காரர், 'அம்மா, இன்னும் கொஞ்சம் போட்டா விலை குறையுமே'ன்னார். 'விலை குறையும் தம்பி, எங்க வீட்டுப் பரண்ல இடம் இல்லை'ன்னுட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

நீங்களும் அடுத்த முறை ஆர்டர் கொடுப்பதற்கு முன் வீட்டுப் பரணை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.